எனக்குப் பேசியவர்

தொலைபேசியில் என் கணவர் என்னிடம் சொன்ன முதல் வாக்கியம், "அவுங்கள கொஞ்சம் கூப்புடுங்களேன்" என்பது.

அப்போது அவர் என் கணவர் இல்லை. தேவனாம்பட்டினம் கடற்கரையில் நாங்கள் ஒரு சினிமாப் பாட்டு எடுத்துக்கொண்டிருந்தோம். நடுவில் படகு நின்றுவிட்டது. எஞ்சினைச் சரிசெய்ய வந்தவர் அவர். கடலூர் பழைய நகரமான ஓ.டி.யில் படகு எஞ்சின் சாமான் கடை வைத்திருந்தார். கையெல்லாம் கிரீஸோடு என் நம்பரை வாங்கிக்கொண்டு போய், தைரியம் வந்த ஒருநாள் கூப்பிட்டார்.

"நான்தாங்க பேசறேன்" என்றேன்.

"பரவால்லங்க. நான் லைன்லயே இருக்கேன். அவுங்க வந்ததும் குடுங்க."

"அவுங்கதாங்க நான்."

பிறகு மிகுந்த அக்கறையோடு, "ஒடம்பு சரியில்லீங்களா?" என்றார்.

அவரைச் சொல்லிக் குற்றமில்லை. நான் நடித்த படங்கள் எல்லாவற்றையும் அவர் பார்த்திருந்தார். முகம், நடை, அழுகை எல்லாம் நான் கொடுத்தவை. குரல் மட்டும் கோடம்பாக்கத்தில் ஒரு டப்பிங் அம்மா கொடுத்தது. ஒவ்வொரு படத்துக்கும் அவரேதான் எனக்குப் பேசினார். நான் அவரைப் பார்த்ததே இல்லை. தமிழ்நாட்டில் என்னைத் தெரிந்தவர்களுக்கெல்லாம் அவர் குரல் தெரியும். என் குரல் என்னைத் தவிர யாருக்கும் தெரியாது.

நான் பிறந்தது மலேசியாவில், ஈப்போவுக்குப் பக்கத்தில். பள்ளிக்கூடம் முடித்த கையோடு சென்னைக்கு விமானம் ஏறி வந்தவள். கதாநாயகனின் தங்கை, கதாநாயகியின் தோழி, இடைவேளைக்கு முன்பே செத்துப்போகிற முதல் காதலி, இந்த மூன்று உத்தியோகத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்தேன். முதல் படம், முதல் நாள், முதல் வசனம் எனக்கு இன்றும் நினைவிருக்கிறது. வேலைக்குக் கிளம்பும் அண்ணனைப் பார்த்து, "சாப்பிட்டீங்களா அண்ணா?" என்று கேட்க வேண்டும். நான் வாய்ப்பழக்கத்தில், "பசியாறிட்டீங்களா அண்ணே?" என்று கேட்டுவிட்டேன். எங்கள் ஊரில் காலைச் சாப்பாட்டுக்கு அதுதான் பேச்சு. விளக்குப் பிடிக்கிறவர் முதல் கதாநாயகன் வரை சிரித்தார்கள். இயக்குநர் சிரித்து முடித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "அம்மாடி, உன் தமிழ் கப்பல் ஏறிப் போயி, நனைஞ்சு திரும்பி வந்திருக்கு. நீ வாய மட்டும் அசை. ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு எண்ணு. மத்தத டப்பிங்ல பாத்துக்கலாம்."

அன்றிலிருந்து எண்ண ஆரம்பித்தேன். காதலைச் சொன்னதும் எண்ணித்தான். அண்ணன் பிணத்தின்மேல் விழுந்து அழுததும் எண்ணித்தான். அந்த அழுகைக்கு ஒரு பத்திரிகை "உள்ளத்தை உலுக்கும் நடிப்பு" என்று எழுதியது. அது ஏறக்குறைய நாற்பது வரைக்கும் போன காட்சி. படத்தை ஈப்போவில் பார்த்துவிட்டு அம்மா போன் செய்து, எங்கள் ஊர் 'லா' போட்டுக் கேட்டாள். "மூஞ்சி உன்னோடதுதான் லா. சத்தம் யாரோடது?"

2004இல் கல்யாணமாகி, கடலூர் செம்மண்டலத்துக்குக் குடிவந்தேன். வந்த வாரமே தெருப் பெண்கள் கூட்டமாக வந்து கூடத்தில் உட்கார்ந்தார்கள். எல்லோருக்கும் ஒரே கோரிக்கை: அண்ணன் பிணத்தருகே பேசின வசனத்தைப் பேசிக் காட்ட வேண்டும். பேசினேன். முதல் தடவையாக, எண்களுக்குப் பதில் எழுத்துகளோடு.

எதிர்வீட்டு அம்மா பக்கத்தில் இருந்தவரிடம் குனிந்து, "தொண்ட கட்டியிருக்குது, பாவம். ஊரு தண்ணி ஒத்துக்கல" என்றார். அன்று மாலை மிளகுப்பால் வந்தது. மறுநாள் ஒரு வீட்டிலிருந்து தேனும் இஞ்சிச் சாறும். அதற்கு மறுநாள் சித்தரத்தை. தெருவே என் தொண்டையைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டது. "இப்ப தேவலாங்களா?" என்று கேட்பார்கள். "நல்லாருக்குங்க" என்று சொன்னால், அந்தக் குரலைக் கேட்டு முகம் வாடிப்போகும்.

பாஸ்போர்ட்டோடு, வெளிநாட்டவள் என்று பதிவு செய்யப் போன அலுவலகத்தில் இன்னொரு கூத்து. அதிகாரி என் படங்களின் ரசிகர். "படத்துல அவ்ளோ சுத்தமா தமிழ் பேசுறீங்க, மலேசியான்னு போட்டிருக்குதே?" என்று பாஸ்போர்ட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நான் வாயைத் திறந்து விளக்கினேன். கேட்டுவிட்டு, "சரிங்க, இப்ப நம்புறேன்" என்று முத்திரையைக் குத்தினார்.

என் தமிழை இயல்பாக எடுத்துக்கொண்டவர் ஊரிலேயே ஒருவர்தான். ஓ.டி.யில் எங்கள் கடைக்குப் பின்வீட்டில் இருந்த முஸ்லிம் அக்கா. பரங்கிப்பேட்டையில் பிறந்தவர். வீட்டுக்காரர் பினாங்கில் இருந்தார். நான் கடைக்குப் போன முதல் நாளே சன்னல் வழியாக, "என்னா புள்ள, பசியாறியாச்சா?" என்றார். கடையின் எஞ்சின் சத்தத்துக்கு நடுவே நான் அப்படியே நின்றுவிட்டேன். அவர்கள் வீடுகளிலும் காலைச் சாப்பாட்டுக்கு அதே பேச்சுதானாம். கப்பலேறிப் போய் நனைந்த தமிழ் இல்லை அது, இங்கிருந்தே போனது. இயக்குநருக்குப் போன் செய்து சொல்லலாமா என்று யோசித்தேன். அவர் அப்போது தெலுங்கில் படம் எடுத்துக்கொண்டிருந்தார்.

அந்த வருடக் கடைசியில் கடல் ஊருக்குள் வந்தது. அதன் பின்னாலேயே கேமராக்கள் வந்தன. படமெடுக்க வந்த ஒரு வெள்ளைக்காரம்மாவுக்கு நான் மொழிபெயர்க்கப் போனேன். மீன் விற்கிற அம்மா ஒருவர் சொன்னதை என்னால் இன்றும் மறக்க முடியவில்லை: "கடலு ஒரு வாட்டிதான் வந்துச்சு. கேமரா தெனம் வருது." வெள்ளைக்காரம்மா, "என்ன சொல்கிறார்?" என்று கேட்டார். அப்படியே மொழிபெயர்த்தேன். அவர் கேமராவைக் கீழே வைத்துவிட்டு அன்று முழுக்க அந்த அம்மாவோடு வலை பிரித்துக்கொண்டிருந்தார். ஊருக்குப் போகும்போது பழைய கேமரா ஒன்றை என்னிடம் விட்டுப் போனார்.

எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. கல்யாணம், காதுகுத்து, ஓ.டி. துறைமுகத்தில் பனிக்கட்டி ஏற்றுகிறவர்கள், என்று கண்ணில் பட்டதையெல்லாம் எடுத்துத் தெரிந்துகொண்டேன். எடுத்ததில் முக்கால்வாசி பேச்சுதான். எனக்கு முகங்களைவிடப் பேச்சுதான் பிடிக்கும். அப்படியே சின்னச் சின்னப் படங்கள் ஆயின. ஒன்றிலும் நான் பேசவில்லை. பயம்தான், வேறென்ன.

2011 முடியும்போது புயல் அடித்து, பண்ருட்டிப் பக்கத்து முந்திரித் தோப்புகள் படுத்துவிட்டன. அண்ணாகிராமம் பக்கம் ஒரு கிராமத்தில், முந்திரிக்கொட்டை உடைத்துப் பிழைக்கிற பெண்களைப் பற்றிப் படம் எடுக்கப் போனேன். இந்தப் படத்தில் மட்டும் கதை சொல்கிற குரல் என்னுடையதாக இருக்க வேண்டும் என்று முடிவு செய்திருந்தேன். வாழ்க்கையில் ஒரு படத்திலாவது நான் பேசியது நான் பேசியதாக இருக்க வேண்டும். எனக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான்.

கொட்டை உடைக்கிற பெண்களுக்கு ஓட்டிலிருந்து வழிகிற எண்ணெய் பட்டு விரலெல்லாம் கறுத்துத் தோல் உரிந்திருக்கும். சாம்பலைப் பூசிக்கொண்டு உடைப்பார்கள். அவர்களுக்கெல்லாம் ஒரு தலைவி இருந்தாள். தலைவி என்று யாரும் சொல்லவில்லை, அவள் பேசினால் மற்றவர்கள் நிறுத்திவிடுவார்கள், அவ்வளவுதான். முதல் நாள் கேமராவை வைத்ததும் அவள் கேட்டாள்: "அழுவணுமா மேடம், பேசணுமா?"

"சும்மா எப்பவும் போல இருங்கக்கா."

"அப்பிடின்னா ரெண்டும் வேணும்ங்கறாங்கடி" என்று மற்றவர்களுக்குச் சொன்னாள். புயலுக்குப் பிறகு அங்கே வந்துபோன கேமராக்கள் அவர்களை அப்படிப் பழக்கி வைத்திருந்தன.

டீ குடிக்கிற நேரத்தில் சினிமாக் கதை கேட்டார்கள். நான் ஒன்று, இரண்டு எண்ணிய கதையைச் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தார்கள். மறுநாள் தலைவியைத் தோப்பில், வேரோடு சாய்ந்த மரத்தின் மேல் உட்காரவைத்து, "புயல் அன்னிக்கு என்ன ஆச்சுன்னு சொல்லுங்க" என்றேன். அவள் மரத்தைத் தடவினாள். வானத்தைப் பார்த்தாள். உதடு துடித்தது.

"ஒண்ணு... ரெண்டு... மூணு..." என்றாள்.

கேமரா ஓடிக்கொண்டிருந்தது. அவள் எட்டில் பெருமூச்சு விட்டாள். பதினைந்தில் கண் கலங்கியது. இருபத்திரண்டில் முந்தானையை எடுத்து மூக்கைச் சிந்தினாள். சத்தியமாகச் சொல்கிறேன், நான் அண்ணன் பிணத்தின்மேல் எண்ணியதைவிட நன்றாக எண்ணினாள்.

"ஏன்க்கா எண்ணறீங்க?"

"நீங்கதான சொன்னீங்க, பின்னால அந்தம்மா வந்து பேசிடும்னு. எனக்கும் அந்தம்மா கொரலையே போட்டுடுங்க. என் கொரலு கொட்டை ஓடு மாதிரி கரகரன்னு இருக்குது."

"இந்தப் படத்துல டப்பிங் கெடையாதுக்கா. அவங்கவங்க பேசறதுதான்."

அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு மற்றவர்கள் பக்கம் திரும்பி, குரலைத் தாழ்த்தினாள். "சின்ன படம் போலக்குதுடி. அவுங்ககிட்ட வசதி இல்ல. நாமளே பேசிக் குடுத்துடலாம்."

அந்த இரக்கத்தில்தான் பேசினார்கள். விடிந்து கதவைத் திறந்ததும் தோப்பே தெரியாமல் வெறும் வானம் தெரிந்ததைச் சொன்னார்கள். பெண்ணுக்கு வரதட்சிணை என்று பேர் வைத்திருந்த மரம் விழுந்ததால் மாப்பிள்ளை வீடு கல்யாணத்தைத் தள்ளிப்போட்டதைச் சொன்னார்கள். கிளம்பும்போது தலைவி கேட்டாள். "நெசமாவே நாங்க பேசுனதுதான் வரும்? நீங்களும் நீங்களேதான் பேசுவீங்க?"

"நானேதான் பேசுவேன்" என்றேன்.

படத்தை முடித்துத் திரையிட உதவுவதாகச் சொன்னது சிதம்பரத்தில் ஓர் அறக்கட்டளை. அதன் செயலாளர் மேடைப்பேச்சுக்கென்றே பிறந்தவர். இரண்டு பேர் மட்டும் இருக்கிற அறையிலும் "அன்பார்ந்த" என்று ஆரம்பிப்பார். நான் வெட்டி ஒட்டிய படத்தைப் பார்த்தார். முதல் பத்து நிமிடம் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

"படம் அருமை மேடம். ஆனா ஆன்மா இல்லையே?"

"எங்க இல்லைங்க சார்?"

"கொரல்ல. நடுவுல ஒரு அம்மா பேசுறாங்களே, யாரு அது?"

"நான்தான் சார்."

"நீங்க இல்ல மேடம்" என்றார் உறுதியாக. "படத்துல வர்ற உங்க கொரல் எனக்குத் தெரியாதா? காலேஜ் படிக்கும்போது அந்தக் கொரலுக்காகவே அஞ்சு வாட்டி பாத்தவன் நான். இது யாரோ கடல்கடந்து வந்தவங்க கொரல்."

"நான் கடல்கடந்து வந்தவதானே சார்?"

அதற்கு அவரிடம் ஒரு பெரிய சிரிப்பு இருந்தது. கடைசியில் விஷயத்துக்கு வந்தார். எனக்குப் பேசிய அந்த டப்பிங் அம்மா ஆனித் தேருக்குச் சிதம்பரம் வருகிறார். எனக்குப் பதில் அவரைப் பேச வைக்க ஏற்பாடாகிவிட்டது. போஸ்டரில் அவர் பேர் என் பேருக்குச் சமமாக வரும். அவர் பேசினால் கல்யாண மண்டபத்தில் திரையீடு, பெரிய மனிதர்கள், அடுத்த படத்துக்கும் ஆதரவு. பேசாவிட்டால் அறக்கட்டளை ஒதுங்கிக்கொள்ளும். "யோசிச்சுச் சொல்லுங்க. ஆனா நான் அவுங்கள வரச்சொல்லிட்டேன்."

வீட்டில் கணவரிடம் சொன்னேன். அவர் பழைய எஞ்சின் ஒன்றைப் பிரித்துக்கொண்டிருந்தார். "எனக்கு இப்ப ஒன் கொரல் பழகிப்போச்சு. அந்தக் கொரலக் கேட்டா யாரோ ஊட்டுக்கு வந்திருக்காங்கன்னு நெனச்சுக்குவேன்" என்றார். "ஆனா கேக்க ஆசையாத்தான் இருக்கு" என்று சேர்த்துக்கொண்டார். நேர்மையான மனிதர்.

அந்த அம்மாவையாவது பார்க்கலாமே என்று எனக்கே சொல்லிக்கொண்டு போனேன். அது முழுப் பொய்யும் இல்லை. இத்தனை வருடம் என் வாய்க்குள் இருந்தவரைப் பார்க்க யாருக்குத்தான் ஆசை இருக்காது?

கீழ வீதிக்குப் பக்கத்துச் சந்தில் ஒலிப்பதிவுக் கூடம். ஆட்டோவில் போகிற ஆடித் தள்ளுபடி விளம்பரமும் கண்ணீர் அஞ்சலி அறிவிப்பும் ஒரே ஆள், ஒரே மைக்கில் பேசிப் பதிகிற இடம். தேர் நாள். வெளியே மேளம், நாகஸ்வரம், ஒலிபெருக்கி. நடுநடுவே மின்வெட்டு. மின்சாரம் இருக்கும்போது மேளமும், மேளம் நிற்கும்போது மின்வெட்டுமாக மாறிமாறி வந்துகொண்டிருந்தன.

டப்பிங் அம்மா குட்டையாக, குண்டாக, வெற்றிலை வாயோடு இருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து வந்து இரண்டு கையாலும் என் தாடையைப் பிடித்தார்.

"வாயத் தெற" என்றார்.

திறந்தேன்.

"இருக்கு, இருக்கு. இடப்பக்கம் மேல ஒரு பல்லு ஏறி இருக்கும்னு எனக்குத் தெரியும். உன் மூஞ்சியவிட உன் வாயத்தாண்டி நான் ஜாஸ்தி பாத்திருக்கேன்." பிறகு தோளில் ஒரு அடி வைத்தார். "பாவி, வசனத்த மனப்பாடம் பண்றதுக்கு உனக்கு என்ன கேடு? நீ பாட்டுக்கு எண்ணிட்டுப் போயிட்ட. ஏழுன்னு வாயக் குவிச்சா அதுல நான் எந்தக் காதல உக்கார வெக்கிறது? நீ அஞ்சுல நிறுத்துவ, அங்க 'கண்ணா'ன்னு முடியணும். உன்னால எனக்கு மண்டையிடி வந்த நாளு கொஞ்சமில்ல."

எனக்கு அவரை ரொம்பப் பிடித்துப்போயிற்று. அதுதான் சிக்கல். போஸ்டர் மாதிரியை மடித்துக் கைப்பையில் வைத்திருந்தார். எடுத்துக் காட்டினார். "எத்தனையோ பேருக்குப் பேசியிருக்கேன். பேரு போட்டதே இல்லடி. இதுதான் மொதல் தடவ" என்றார். அழகாக இருக்கிறது என்றேன்.

மின்சாரம் வந்தது. மேளமும் தள்ளிப் போயிற்று. செயலாளர் நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடினார். படத்தின் முதல் வாக்கியம் நான் எழுதியது: "அன்று காலை இந்த ஊரில் யாரும் பசியாறவில்லை." விழுந்த மரங்களைப் பார்க்க எல்லோரும் ஓடிவிட்டார்கள், ஒரு வீட்டிலும் அடுப்புப் பற்றவைக்கவில்லை என்று அந்தப் பெண்கள் சொன்னதைத்தான் அப்படி எழுதியிருந்தேன்.

டப்பிங் அம்மா மைக் முன்னால் நின்றார். ஒரு மூச்சு இழுத்தார். அந்தக் குரல் வந்தது.

"அன்று காலை... இந்த ஊரில்... யாருக்கும்... பசி... ஆறவில்லை."

செயலாளரின் கண்ணோரம் நீர் கோத்தது. "ஆகா" என்றார் மெதுவாக. "பசி... ஆறவில்லை! ஒரு ஊரின் பசி, அன்பார்ந்த மேடம், ஒரு ஊரின் பசி!"

"சார், அது நாஷ்டா" என்றேன்.

"என்னது?"

"நாஷ்டா சார். காலையில சாப்புடறது. யாரும் அன்னிக்கு நாஷ்டா சாப்புடலன்னு அர்த்தம். பட்டினி இல்ல. பத்து மணிக்கு மேல எல்லாரும் சாப்ட்டாங்க."

செயலாளர் கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "பத்து மணிக்குச் சாப்ட்டாங்கன்னு சொன்னா எவன் மேடம் உதவி அனுப்புவான்? பசி ஆறலன்னே இருக்கட்டும்."

டப்பிங் அம்மா தொழில்காரர். எழுதியவள் சொல்வதைத்தான் கேட்பேன் என்றார். மறுபடி பேசினார். இந்தத் தடவை சேர்த்துச் சொன்னார், ஆனால் விம்மலோடு. அடுத்தது கோபத்தோடு. அதற்கடுத்தது, சரியாகச் சொன்னால், காதலோடு. "நில்லு" என்று தானே நிறுத்தினார். "சோகம்னா சொல்லு, தர்றேன். ஆத்திரம்னா தர்றேன். இது என்னா?"

"இது ஒண்ணுமே இல்லம்மா. காலையில இட்லி திங்கலைங்கறது."

"இட்லி திங்காததுக்கு என்னடி கொரலு?"

"இப்பிடித்தான்" என்று நான் மைக்குக்குப் போய்ச் சொல்லிக் காட்டினேன். எங்கள் ஈப்போ வீட்டில் வாசலில் நின்று பக்கத்து வீட்டுக்காரியிடம் சொல்வது போல, ஏற்ற இறக்கம் ஒன்றும் இல்லாமல். ஒலிப்பதிவுக்காரர் பதிவை நிறுத்தாமல் விட்டிருந்தார். திரும்பப் போட்டுக் காட்டினார். என் குரல் ஒலிபெருக்கியிலிருந்து வந்து அந்தச் சின்ன அறையில் உட்கார்ந்தது. செயலாளர் புளியங்காயைக் கடித்தது போல முகத்தை வைத்துக்கொண்டார்.

"சார்," என்றேன், "நானே பேசிக்கிறேன். மண்டபம் வேணாம்."

"அவசரப்படாதீங்க மேடம். எதிர்காலத்த யோசிங்க."

"அந்தப் பொம்பளைங்ககிட்ட நானே பேசுவேன்னு சொல்லிட்டேன் சார்."

அவர் எழுந்து, அங்கவஸ்திரத்தைச் சரிசெய்துகொண்டு, நான்கு பேர் இருந்த அறையில் நன்றியுரை ஆற்றிவிட்டு வெளியேறினார்.

டப்பிங் அம்மா ஹெட்போனைக் கழற்றி மேசைமேல் வைத்தார். போஸ்டரை நான்காக மடித்தார். "அத்தனை படத்துக்கு நான் வேணும். பேரு போடற ஒரே படத்துக்கு நான் வேணாம்" என்றார். கோபம் இல்லை, அந்தப் புகழ்பெற்ற குரலும் இல்லை. கொஞ்சம் கரகரப்பான, அவருடைய சொந்தக் குரல். நான் மன்னிப்புக் கேட்டேன். "மன்னிப்பெல்லாம் எனக்கு நெறைய பேசித் தெரியும். வா, தேரு பாக்கலாம்" என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார்.

வீதியில் பூ விற்றுக்கொண்டிருந்த பெண்ணிடம் அவர் பேரம் பேச ஆரம்பித்தார். வேண்டுமென்றேதான் செய்தார் என்று நினைக்கிறேன், சினிமாக் குரலில் பேசினார். "இந்த மல்லிக்கு இவ்வளவு சொல்றியேம்மா, மனசாட்சி இல்லையா?" பூக்காரி அசந்து நிமிர்ந்தாள். யாரைப் பார்த்தாள் தெரியுமா? என்னை. என் வாயைப் பார்த்தாள். மூடியிருந்தது. மறுபடி அந்தக் குரல் வந்தது. மறுபடி என் வாயைப் பார்த்தாள். பூவைச் சும்மாவே என் கையில் திணித்தாள். டப்பிங் அம்மா அதை என்னிடமிருந்து பிடுங்கித் தன் தலையில் வைத்துக்கொண்டார். அதில் எனக்கும் சம்மதம்தான்.

முழுப் படத்துக்கும் நானே பேசி முடித்தேன். மண்டபம் இல்லை, பெரிய மனிதர்கள் இல்லை. அண்ணாகிராமம் பக்கத்து அதே கிராமத்தில், கொட்டை உடைக்கிற கொட்டகையில் வெள்ளை வேட்டியைக் கட்டி, சாயங்காலம் மின்சாரம் வந்ததும் போட்டோம். கணவர் புரொஜெக்டருக்குப் பக்கத்தில் எஞ்சினுக்குக் காவல் இருப்பது போல நின்றார்.

முதல் பாதி முழுவதும் கூச்சல்தான். ஒவ்வொருத்தியும் தன் முகம் வந்ததும் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு, விரலிடுக்கில் பார்த்தாள். தன் குரல் வந்ததும், "ஐயோ, இது நானா? தகரத்த இழுக்குற மாதிரி இருக்குதுடி" என்றாள் தலைவி. எல்லோரும் சிரித்தார்கள். அப்புறம்தான் அவள் கேட்டாள்.

"நடுவுல நடுவுல பேசுறது யாரு மேடம்?"

"நான்தான்க்கா. சொன்னேனே, நானே பேசுவேன்னு."

"போங்க மேடம். நேர்ல நீங்க எப்பிடிப் பேசுனா என்னா, படத்துல வர்ற அந்தம்மா கொரலு எங்களுக்குத் தெரியாதா? இது வேற ஆளு. வசதி இல்லாம சின்ன ஆளாப் புடிச்சு போட்டுட்டீங்களா?"

நான் எவ்வளவு சொல்லியும் நம்பவில்லை. படத்தை நிறுத்தச் சொன்னார்கள். திரும்ப முதலிலிருந்து போடச் சொன்னார்கள். என்னை வேட்டித் திரைக்குப் பக்கத்தில், வெளிச்சத்தில் நிறுத்தினார்கள். "அது பேசும்போது நீங்களும் பேசுங்க. வாயப் பாக்கறோம்" என்றாள் தலைவி. கொட்டகையே எட்டி உட்கார்ந்து என் வாயைப் பார்த்தது.

திரையில் மரங்கள் விழுந்து கிடந்தன. நானும் அதுவும் சேர்ந்து சொன்னோம்: "அன்று காலை இந்த ஊரில் யாரும் பசியாறவில்லை."

"சேந்துதான் வருது" என்றாள் ஒருத்தி.

"இன்னொருக்கா" என்றாள் இன்னொருத்தி. மறுபடி போட்டோம். மறுபடி சொன்னேன்.

"அவுங்கதான்டி" என்று மூன்றாமவள் தீர்ப்புச் சொன்னாள்.

"பசியாறலன்னா?" என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

"காலையில சாப்புடலைங்கறது. எங்க ஊருப் பேச்சு" என்றேன்.

"யாருமேவா?"

"யாரும்தான். நீங்கல்லாம்தான சொன்னீங்க, ஒரு வூட்டுலயும் அடுப்பு பத்தலைன்னு."

"அடுப்பு பத்தல, சரி" என்று எழுந்து நின்றாள் அவள். ஒல்லியான பெண். படப்பிடிப்பின்போது வாயே திறக்காதவள். "நான் பழையது தின்னேன் மேடம். தின்னுட்டுத்தான் தோப்புக்கு வந்தேன். என்னைய ஏன் திங்கலன்னு சொல்றீங்க?"

"ஏன்டி, ஊரே தோப்புல கெடந்து அழுவுது, நீ குந்திப் பழையது தின்னியா?" என்று தலைவி பாய்ந்தாள்.

"மரம் வுழுந்தா என் வயிறு சும்மா இருக்குமா? நீயுந்தான் என் சட்டியில கை வெச்ச. சொல்லவா?"

கொட்டகை இரண்டாகப் பிரிந்துவிட்டது. அன்று காலை யார் தின்றது, யார் தின்னவில்லை, யார் தின்றுவிட்டு மறைத்தது என்று ஒரே சண்டை. படம் வேட்டியில் தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. ஒருத்தரும் பார்க்கவில்லை. நான் ஒன்று, இரண்டு என்று எண்ணிய காலத்தில் நான் சொன்ன எதையும் யாரும் மறுத்துப் பேசியதில்லை.

அந்த ஒல்லிப் பெண் கூட்டத்தை விலக்கிக்கொண்டு என்னிடம் வந்தாள். "மாத்திச் சொல்லுங்க மேடம். ஒருத்தி மட்டும் தின்னான்னு சொல்லுங்க."

சத்தத்துக்கு மேலே, எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன்: "அன்று காலை இந்த ஊரில் ஒருத்தியைத் தவிர யாரும் பசியாறவில்லை. அவள் பழையது சாப்பிட்டாள்."

அவள் யோசித்துப் பார்த்தாள். அப்படியும் திருப்தி இல்லை.

"ஊறுகாயையும் சேத்துக்கங்க" என்றாள்.